80 சதவீதத்துக்குள் மூன்று பூஜ்யங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாணவரின் தேவைக்கேற்ப மூன்று அடுக்காக உதவி தரும் ஏற்பாடான எம்டிஎஸ்எஸ்-ஐ எங்கள் பள்ளியில் கவனிக்கும் குழு ஆண்டுக்கு இரண்டு முறை 45 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டை நிரப்புகிறது. இந்த முறை முதல் அடுக்கில் 80 சதவீதம் வந்திருக்கிறது, எங்களுக்கு மேலே உள்ள பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் பிரின்சிபல் அறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் கறுப்பின மாணவர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள். ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளோ இரண்டாம் அடுக்கு உதவியில் கண்ணிலேயே படுவதில்லை. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்த 80-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். 45 கேள்விகள் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டிஎஃப்ஐ படிவத்தின் (அடுக்கு முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பள்ளிக் குழு மதிப்பிடும் படிவம்) 2.1 பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். முதல் அடுக்குக்கு 15 கேள்விகள், இரண்டாம் அடுக்குக்கு 13, மூன்றாம் அடுக்குக்கு 17. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். ஆக முதல் அடுக்கின் முழு மதிப்பெண் 30. தேறியதாகக் கொள்ளும் எல்லை 70 சதவீதம், அதாவது 21. உங்கள் பள்ளி வாங்கியது 24.

இந்த 24-ஐ எப்படியெல்லாம் வாங்கலாம்? 12 கேள்விகளில் முழுதாக 2 வாங்கி, மூன்றில் பூஜ்யம் வாங்கினாலும் 24 தான். அந்த மூன்றும் எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த நடத்தை வகுப்பிலேயே தீர்க்க வேண்டியது, எதை அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்ற வரையறை எழுத்தில் இருக்கிறதா என்பது 1.5-ஆவது கேள்வி. ஒழுங்கு நடவடிக்கைக் கொள்கை தண்டிப்பதோடு நிற்கிறதா, கற்றுக்கொடுக்கிறதா என்பது 1.6. மாணவர், குடும்பம், சமூகம் ஆகியோரின் கருத்து கேட்கப்படுகிறதா என்பது 1.11. இந்த மூன்றிலும் பூஜ்யம் வைத்துக்கொண்டு, சுவரில் அழகான போஸ்டர், பரிசுச் சீட்டு, மாதம் தவறாத கூட்டம் என்று மற்றதையெல்லாம் கச்சிதமாகச் செய்யும் பள்ளி தாராளமாக 80 சதவீதம் வாங்கும். நீங்கள் கவலைப்படும் ஏற்றத்தாழ்வு முளைப்பது இந்த மூன்று இடங்களில்தான்.

ஆகவே மொத்தச் சதவீதத்தை மாவட்டத்துக்கு அனுப்புங்கள், அதற்கு மேல் அதை வைத்து எதுவும் பேச வேண்டாம். உங்கள் மேஜைக்கு வர வேண்டியது கேள்விவாரியான தாள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அந்த 45 கேள்விகளும் பெரியவர்களைப் பற்றியவை. குழு கூடுகிறதா, படிவம் இருக்கிறதா, தரவைப் பார்க்கிறோமா என்று கேட்கும். பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை அது அளப்பதில்லை. மருந்துச் சீட்டு சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பதைப் போன்றது அது. காய்ச்சல் இறங்கியதா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும், அதுவும் யார் யாருக்கு இறங்கியது என்று.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பத்தி. எல்லா மாணவருக்கும் பொதுவான நல்ல கற்பித்தலும் ஒழுங்கும் முதல் அடுக்கு. அது போதாத சிலருக்குச் சிறு குழுவில் கூடுதல் உதவி இரண்டாம் அடுக்கு. மிகச் சிலருக்குத் தனிப்பட்ட, தீவிரமான உதவி மூன்றாம் அடுக்கு. இந்த யோசனை பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. ஜெரால்ட் கேப்லன் 1964-இல் மனநலத் தடுப்பை இப்படி மூன்று நிலையாகப் பிரித்துக் காட்டினார். பள்ளிக்குள் வந்தபோது அதோடு 80-15-5 என்ற சதவீதக் கணக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் அடுக்கு ஒழுங்காக நடந்தால் சுமார் 80 சதவீத மாணவருக்கு அதுவே போதும், 15 சதவீதத்துக்கு இரண்டாம் அடுக்கும் 5 சதவீதத்துக்கு மூன்றாம் அடுக்கும் வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்புதான் அது; உங்கள் மதிப்பெண்ணான 80-க்கும் இதற்கும் தொடர்பில்லை. அதைக் கோட்டா மாதிரி நிரப்பும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

இனி உங்கள் முதல் கவலை. அது உங்கள் பள்ளிக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம். பள்ளி இருப்பது ஏழைப் பகுதியா, வசதியான பகுதியா என்பது இந்த வித்தியாசத்தை மாற்றிவிடவில்லை என்பதையும் அதே அறிக்கை காட்டியது. ‘அந்தப் பிள்ளைகள் அதிகம் தப்புச் செய்கிறார்கள் போல’ என்று கூட்டத்தில் யாராவது முணுமுணுத்தால், ரசல் ஸ்கிபாவும் உடனிருந்தவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை நினைவுபடுத்துங்கள். ஒரு பெருநகர மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளில், வெள்ளை இன மாணவர்கள் அதிகம் அனுப்பப்பட்டது புகைபிடித்தல், பொருளை உடைத்தல், சொல்லாமல் வெளியேறுதல் போன்ற கண்ணால் கண்டு சொல்லக்கூடிய காரணங்களுக்கு. கறுப்பின மாணவர்களோ மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல் போன்றவற்றுக்கு. இரண்டாவது பட்டியலில் உள்ளவை பார்ப்பவரின் தீர்ப்பைப் பொறுத்தவை. எது சத்தம், எது மரியாதைக் குறைவு என்பதை அந்த நிமிடத்தில் ஆசிரியர்தான் முடிவு செய்கிறார்.

இங்கேதான் 1.5-ஆவது கேள்வி முக்கியமாகிறது. நான் உதவப்போன ஒரு பள்ளியில் இந்தக் கேள்விக்குக் குழு கண்ணை மூடிக்கொண்டு 2 போட்டது. கையேட்டில் வரையறை இருந்தது, உண்மைதான். நான் பத்துச் சின்னச் சம்பவங்களை ஒரு தாளில் எழுதி, ‘இவற்றில் எதை அலுவலகத்துக்கு அனுப்புவீர்கள்?’ என்று அந்த அறையில் இருந்த ஆறு பேரிடமும் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னேன். கண்ணை உருட்டினான், கேட்டதற்கு ‘என்னவாம்’ என்றான், புத்தகத்தை டமாலென்று மேஜையில் வைத்தான், இப்படி. ஆறு தாளும் ஆறு விதம். வரையறை எழுதிய குழுவே அது! அன்றைக்கு அந்த 2-ஐ அவர்களே அடித்துவிட்டு 1 போட்டார்கள். அரை மணி நேர வேலை, செலவு ஒன்றும் இல்லை. உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள்.

அடுத்தது எண்கள். ரிஸ்க் ரேஷியோ என்பது ஒன்றும் பயப்பட வேண்டிய கணக்கு இல்லை. 600 பேர் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பிரிவினர் 120 பேர். அவர்களில் 30 பேர் குறைந்தது ஒரு முறையாவது அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டார்கள், அதாவது 25 சதவீதம். மீதி 480 பேரில் 48 பேர், அதாவது 10 சதவீதம். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5. அந்தப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டரை மடங்கு. ‘மொத்த ரெஃபரலில் (அலுவலகத்துக்கு அனுப்பிய தடவைகளில்) இத்தனை சதவீதம் இவர்கள்’ என்று சொல்வதைவிட இது தெளிவு, ஏனென்றால் ஒரே பிள்ளை பத்து முறை அனுப்பப்பட்டு கணக்கை ஊதிவிடுவது இதில் நடக்காது.

இதில் ஒரு குழி இருக்கிறது, அனுபவசாலிகளே விழுவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் அந்தப் பிரிவினர் 24 பேரும் மற்றவர்கள் 29 பேரும் அனுப்பப்படுகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 78-லிருந்து 53-ஆக இறங்கிவிட்டது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு, கேக் வெட்டலாம். ஆனால் 20 சதவீதத்தை 6 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், ரேஷியோ 3.3-க்கு ஏறிவிட்டது! நிலைமை மோசமாகிவிட்டது என்று சொல்லலாமா? அப்படியும் சொல்ல முடியாது. அந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் 25-லிருந்து 20-ஆகக் குறைந்திருக்கிறது, இடைவெளி 15 புள்ளியிலிருந்து 14 புள்ளியாகச் சுருங்கியிருக்கிறது. பலன் எல்லோருக்கும் வந்தது, ஆனால் ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வந்தது என்பதே சரியான வாசிப்பு. ரேஷியோவை மட்டும் காட்டினால் உழைத்த ஆசிரியர்கள் மனம் வெறுத்துப்போவார்கள். மொத்தத்தை மட்டும் காட்டினால் அந்தப் பிள்ளைகளை மறந்துவிடுவார்கள். மூன்று எண்ணையும் ஒரே வரியில் போடுங்கள்: அந்தப் பிரிவின் சதவீதம், மற்றவர்களின் சதவீதம், இரண்டின் ரேஷியோ.

பிரிவு மிகச் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். எட்டுப் பேரில் இரண்டு பேர் அனுப்பப்பட்டால் 25 சதவீதம், மூன்றாவது ஆள் சேர்ந்தால் 37.5. அது எதையும் சொல்லாது. சிறப்புக் கல்வியில் இனவாரி ஏற்றத்தாழ்வை மாவட்ட அளவில் கணக்கிட 2016-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் விதிகளே, பிரிவில் 30 பேர், பாதிக்கப்பட்டவர்கள் 10 பேர் என்ற குறைந்தபட்ச அளவுகளை நியாயமானவை என்று ஏற்கின்றன, மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்க்கவும் இடம் தருகின்றன. எட்டுப் பேர்தான் என்றால் எட்டுப் பேரின் கதையையும் உட்கார்ந்து பேசுவதே மேல். அந்தத் தாளை மட்டும் எல்லோர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், பெயரை மறைத்தாலும் யாரென்று தெரிந்துவிடும்.

இப்போது ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள். உண்மையில் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் அதிகம் தண்டிக்கப்படுகிறவர்களைக் கவனிப்பவர்கள் உண்டு, உதவி கிடைக்காமல் போகிறவர்களைக் கவனிப்பவர்கள் குறைவு. இங்கே ஒரே ஒரு எண் போதாது. பிள்ளை இரண்டாம் அடுக்கு உதவியை அடைய நாலு வாசல் தாண்ட வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் எண்ண வேண்டும்.

மறுபடியும் கற்பனைக் கணக்கு. அதே 600 பேரில் 60 பேர் ஆங்கிலம் கற்றுவருபவர்கள். எல்லா மாணவருக்கும் வைக்கும் முன்சோதனையான ஸ்கிரீனிங்கில் கூடுதல் உதவி தேவை என்று வந்தவர்கள் 20. குழுக் கூட்டத்தில் பெயர் எடுக்கப்பட்டவர்கள் 9. உதவி தொடங்கியது 6 பேருக்கு. அவர்களில் முன்னேறியவர்கள் 4. மற்ற 540 பேரில் இதே வரிசை 60, 51, 46, 32. முன்னேற்றத்தை மட்டும் பார்த்தால் 6-இல் 4, 46-இல் 32, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உதவி கிடைத்தால் வேலை செய்கிறது. ஆனால் ஸ்கிரீனிங்குக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு பக்கம் 85 சதவீதம் தாண்டி வருகிறார்கள், மறுபக்கம் 45 சதவீதம்தான். அடைப்பு அங்கே. அந்த இடத்தில் யார் என்ன சொல்லி நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இப்படி இருக்கும்: ‘மொழி வந்ததும் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுப்போம்.’ நல்லெண்ணத்தில் சொல்வதுதான். அந்தக் கொஞ்சம் இரண்டு வருஷமாக நீளும்.

மொழிதான் காரணமா, வேறு தடையா என்று பிரித்தறிய ஒரு வழி, அந்தப் பிள்ளையை அதே மொழிநிலையில் இருந்து, அதே காலமாக ஆங்கிலம் கற்றுவரும் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவது. அவர்கள் முன்னேற, இவன் மட்டும் நின்றுவிட்டால் காத்திருக்கக் கூடாது. எல்லோருமே நின்றிருந்தால், குறை பிள்ளையிடம் இல்லை, வகுப்பில் நடக்கும் பாடத்தில் இருக்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். ஒரு பிரிவில் பத்தில் நாலு பேர் ஸ்கிரீனிங்கில் பின்தங்கினால், நாலு பேரையும் சிறு குழுவுக்கு அனுப்பும் ஆசை வரும். அனுப்பாதீர்கள், அல்லது அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரண்டாம் அடுக்கு என்பது முதல் அடுக்கு பெரும்பாலானவர்களுக்குப் பலிக்கும்போது மீதியைத் தாங்குவதற்காக. முதல் அடுக்கே ஒரு பிரிவுக்குப் பலிக்கவில்லை என்றால் அதைத்தான் பழுது பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரே மாதிரிப் பிள்ளைகள் நாள்தோறும் வகுப்பிலிருந்து எழுந்து போகும் காட்சியை நாமே உண்டாக்குகிறோம். சில பள்ளிகளில் ‘டியர் டூ பையன்’ (இரண்டாம் அடுக்குப் பையன்) என்று பெயரே வைத்துவிடுகிறார்கள். அடுக்கு என்பது உதவிக்கு வைத்த பெயர், பிள்ளைக்கு அல்ல. ஒரே பிள்ளைக்குக் கணக்கில் முதல் அடுக்கு போதும், வாசிப்பில் இரண்டாம் அடுக்கு வேண்டும் என்பது சர்வ சாதாரணம்.

உங்கள் சுயமதிப்பீட்டில் இந்த வாசல்களுக்கு நேரான கேள்விகள் 2.3-உம் 2.4-உம். ஒன்று ஸ்கிரீனிங், மற்றது உதவி கேட்கும் படிவம். இந்த இரண்டாவதை நன்றாகப் படியுங்கள். படிவம் ஊழியர்களுக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. படிவம் ஊழியர் கணினித் தளத்துக்குள் பூட்டிக் கிடந்தால், அல்லது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், வீட்டில் ஸ்பானிஷோ அரபியோ பேசும் ஒரு தாய்க்கு அது இல்லாத மாதிரிதான். அப்போது அந்த மதிப்பெண்ணை எந்த மனசாட்சியோடு 2 என்று போடுவது?

கேட்டு வாங்கும் முறையை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கல். ஆசிரியர் பெயர் சொல்லி அனுப்பும் பட்டியலில் சத்தம் போடும் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். மூலையில் உட்கார்ந்து யாருக்கும் தொல்லை கொடுக்காமல் மூழ்கிக்கொண்டிருப்பவள் அதில் இருக்கமாட்டாள். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஸ்கிரீனிங். அது இல்லாத பள்ளியில் சமத்துவம் பேசுவது வீண் பேச்சு என்பது என் கட்சி.

சுயமதிப்பீட்டை நிரப்பும் விதமும் மாற வேண்டும். இப்போது பல இடங்களில் நடப்பது: பிரின்சிபல் கேள்வியை வாசிக்கிறார், ‘2 போடலாமா?’ என்கிறார், எல்லோரும் தலையசைக்கிறார்கள், 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் பேசாமல் தனியாக மதிப்பெண் போடட்டும். பிறகு ஒரே சமயத்தில் காட்டட்டும். நிர்வாகி 2, புது ஆசிரியை 0, உதவியாளர் 0 என்று வந்தால் அவற்றைக் கூட்டி வகுக்காதீர்கள். அந்த இடைவெளிதான் அன்றைய கூட்டத்தின் மிக விலையுயர்ந்த தரவு. அந்த வேலை யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, யாரிடம் சேரவில்லை என்பதை அது சொல்கிறது. 2 போட விரும்புகிறவர் அதற்கான தாளை மேஜையில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், சும்மா போடும் 2-களில் பாதி காணாமல் போய்விடும். பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு கோச் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

டிஎஃப்ஐயோடு சேர்த்து ஒரு நடைசுற்றும் உண்டு. ஊழியர்களில் 10 சதவீதம் பேரையும், குறைந்தது 10 மாணவர்களையும் நிறுத்தி, ‘இந்தப் பள்ளியின் எதிர்பார்ப்புகள் என்ன? யாராவது அதற்காக உன்னைப் பாராட்டினார்களா?’ என்று கேட்பது. அந்தப் பத்து மாணவர் யார்? வரவேற்பறைப் பக்கம் நடமாடும் மாணவர் மன்றத் தலைவர்களாக இருந்தால் எல்லாம் பிரமாதம் என்று வரும். பத்தோடு நிற்காமல் இருபது பேரைக் கேளுங்கள், சிறப்புக் கல்வி வகுப்பிலிருந்தும், புதிதாகக் குடியேறியவர்களிலிருந்தும், போன மாதம் சஸ்பெண்ட் ஆனவர்களிலிருந்தும் சேர்த்து எடுங்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் சமீபத்தில் ஒரு பாராட்டாவது கேட்டார்கள் என்பது உங்களை உலுக்கும்.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது என்ற இடத்தில் பள்ளிகள் வழக்கமாக ஒரு நாள் பயிற்சிக்கு ஆள் கூப்பிடுகின்றன. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் மெக்கின்டாஷும் சகாக்களும் சொல்லும் வழி எளிமையானது. பாரபட்சம் நாள் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை, சில தருணங்களில் குவிகிறது: தெளிவற்ற நடத்தை, களைத்த நேரம், பசித்த நேரம். உங்கள் ரெஃபரல் தரவை எந்தக் குற்றம், எந்த இடம், எந்த மணி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ரேஷியோவைப் போட்டுப் பாருங்கள். ‘வகுப்பறையில், கடைசிப் பீரியடில், மரியாதைக் குறைவு’ என்ற ஒரு மூலையில் மட்டும் 5 வந்து, மற்ற இடங்களில் 1.3 வந்தால், உங்கள் வேலை பத்தில் ஒன்றாகிவிட்டது. அந்த ஒரு சூழலுக்கு ஒரு சின்னப் பழக்கம் போதும்: கடைசிப் பீரியடில் படிவத்தை எடுக்கும் முன் பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை, வகுப்பு முடிந்த பிறகு முடிவு. ஆறு வாரம் கழித்து அதே மூலையை மறுபடி எண்ணுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி, பிரின்சிபலை இணங்கவைக்க உதவும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்விக்கான 2004-ஆம் ஆண்டின் ஐடியா சட்டப்படி, சிறப்புக் கல்வியில் சேர்ப்பது, வகுப்பில் அமர்த்துவது, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் இனவாரியாகப் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று மாநிலம் கண்டறிந்தால், மாவட்டம் தன் சிறப்புக் கல்வி நிதியில் 15 சதவீதத்தை முன்கூட்டிய உதவிக்காக ஒதுக்கியே ஆக வேண்டும். அந்த நிலை வரும்வரை காத்திருப்பதைவிட இப்போதே தாளைப் புரட்டுவது மலிவு.

கடைசியாக, இதையெல்லாம் செய்தால் அடுத்த முறை உங்கள் மதிப்பெண் பெரும்பாலும் இறங்கும். ஆதாரம் கேட்டால் இறங்கத்தான் செய்யும். 80 இருந்த இடத்தில் 63 வரலாம், மாவட்டத்திலிருந்து தொலைபேசி வரும். அதனால் அந்த எண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். இந்த முறை ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஆதாரம் கேட்டோம், முன்பு கேட்கவில்லை, எனவே இரண்டையும் ஒப்பிட முடியாது என்று இரண்டு வரி எழுதி, எந்தெந்தக் கேள்விகளில் பூஜ்யம் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பிரின்சிபலின் ஆண்டு மதிப்பீட்டில் இந்த எண்ணைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்கும் அதே கடிதம் பயன்படும். அவர் தலைக்கு மேல் அந்த எண் தொங்கும்வரை, மேஜையில் தாள் வைக்கச் சொல்லும் விதியை அவரே முதலில் மறந்துவிடுவார்.